கேட்டவன்தான் ஓட்ட வேண்டும்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சாக்கு மூட்டை மேல் எஸ்டேட் பெயர்தான். அதனால் என் எழுத்து ஒவ்வொன்றும் மூட்டைக்கு ஏற்ற அளவில் இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை, தோன்றியதைப் போட்டிருக்கிறேன். யாராவது திருத்தி அச்சடித்தால் அவர்களுக்குப் புண்ணியம்.

கையெழுத்தை விட மோசமானது என் கூச்சம். கூச்சக்காரன் தப்பான பஸ்சில் ஏறிவிட்டால் இறங்க மாட்டான். இறங்க வேண்டுமென்றால் “தப்பா ஏறிட்டேன்” என்று எல்லார் முன்னாலும் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்கு, அந்தப் பஸ்சு போகிற ஊரிலேயே ஒரு குடிசை போட்டுத் தங்கிவிடலாம் என்று தோன்றும். (சலூன்காரர் “மீசைய எடுத்துறவா?” என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க மீசை இல்லாமல் திரிந்தவன் நான்.)

பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில், காய் உலர்த்துகிற ஸ்டோரில் எனக்கு வேலை. குடும்பம் போடிக்குப் பக்கத்தில் சிலமலையில். மகள் கனகாவுக்கு நிச்சயம் என்று நாள் குறித்திருந்தார்கள். காய் வரத்து அதிகம் என்று முதலாளி முந்தின நாள் விடவில்லை. அன்று விடிந்துதான் கிளம்ப முடிந்தது.

“நல்ல நேரம் முடியிறதுக்குள்ள நீங்க வந்து தட்டு வாங்கணும். பொண்ணோட அப்பன் கையால வாங்கலேன்னா அவுக எந்திரிச்சுப் போயிருவாக. அந்தப் பெரியப்பன் ஒரு மாதிரியான ஆளு” என்று என் மனைவி பேச்சியம்மாள் போனில் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா முன்பே ஒரு தடவை, “பொண்ணுக்கு அப்பன்னு ஒருத்தரு இருக்காரா, இல்ல போட்டோவுல மட்டுந்தானா?” என்று கேட்டவர். (அவர்கள் பெண் பார்க்க வந்தபோது நான் அடுப்படியில் வேலை இருக்கிற மாதிரி நின்றுகொண்டேன். கடைசி வரை வெளியே வரவில்லை.)

மாப்பிள்ளைக்கு எடுத்த ஜரிகை வேட்டியும் துண்டும் என்னிடம்தான் இருந்தன. வீட்டில் எலித் தொல்லை என்று பேச்சிதான் அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு எஸ்டேட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தாள். (எலிக்கே விட்டிருக்கலாம்.)

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் முந்தின நாள் சாயங்காலம் பார்த்த பொம்மைப் படத்தைச் சொல்லியாக வேண்டும். டிவியில் தமிழ் பேசி வருகிற வெளிநாட்டு கார்ட்டூன் அது. ஒரு சின்ன ஊர், அதில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரட்டைப் பெண்கள், ஒற்றைக் காது நாய். கனகா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஆரம்பித்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கனகா படித்து, நர்ஸ் ஆகி, கல்யாணத்துக்கே வந்துவிட்டாள். அந்த இரட்டைப் பெண்களுக்கு இன்னும் பால் பல் விழவில்லை. அதை நினைத்தால் எனக்கு லேசாக முதுகு சிலிர்க்கும். ஆனாலும் மகள் பார்த்ததாயிற்றே என்று விடாமல் பார்ப்பேன்.

அன்றைக்கு வந்த கதையில் அந்த ஊருக்கு முதல் முதலாக ஒரு பஸ்சு விடுகிறார்கள். மேயர் ரிப்பன் வெட்டுகிறார். பேண்டு வாசிக்கிறார்கள். ஊரே ஏறி உட்காருகிறது. கண்டக்டர் இல்லை, டிக்கெட் இல்லை. ரிப்பன் வாங்குகிற அவசரத்தில் நிறுத்தம் எங்கே என்று முடிவு செய்ய மறந்துவிட்டார்கள். பஸ்சு போய்க்கொண்டே இருக்கிறது. ரோட்டோரம் கை காட்டுகிறவர்களைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் சிரித்தபடி கை ஆட்டுகிறார்கள். எங்கே போகிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். கடைசியில் அந்த வீட்டு அப்பா எழுந்துபோய் டிரைவரிடம், “இந்தப் பஸ் எங்கே போகுது?” என்று கேட்கிறார். பஸ்சில் இருக்கிற எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்புகிறது. டிரைவர் முகம் அப்படியே மலர்கிறது. தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டு, “கேட்டவன்தான் ஓட்டணும்” என்று சொல்லிக் குதித்து ஓடுகிறார். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் வரும் பாருங்கள். படத்தில் யாரும் சிரிக்கவில்லை. எங்கேயோ, யாரோ, ஒரு கூட்டமாகச் சிரிக்கிறார்கள்.

எஸ்டேட்டில் கூடப் பார்த்த பக்கத்து வீட்டு செல்வம், “அப்படியே நம்ம ஊரு பஸ்சுதாண்ணே. போர்டு ஒன்னு, போறது ஒன்னு” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளில்லாத அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது.

மறுநாள் காலை எஸ்டேட் ஜீப்பு என்னைப் போடிமெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியது. பனி மூட்டம். நீட்டிய கையின் விரல் எனக்கே தெரியவில்லை. டீக்கடை இருக்கிறது என்பது பாய்லர் இரைச்சலில் தெரிந்தது. ஆள் இருக்கிறார் என்பது இருமலில் தெரிந்தது. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. கீழே போடிக்குப் போகிற பஸ்சுக்காக நின்றேன்.

இரண்டு மஞ்சள் வெளிச்சம் பனிக்குள்ளிருந்து வந்து நின்றது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியவில்லை. போர்டு தெரியவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பஸ்சு வந்தால் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு: ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ உள்ளே எறிந்து சீட்டுப் பிடிப்பது. கை பழக்கத்தில் மஞ்சள் பையை எறிந்துவிட்டேன். பிறகுதான் மூளை, எந்தப் பஸ்சு என்று கேட்டது. பை உள்ளே போய்விட்டது. பை போன பஸ்சில் மனிதன் போகாமல் இருக்க முடியுமா? ஏறினேன். ஏறின மறு நிமிடம் பஸ்சு நகர்ந்தது.

உள்ளே சத்தமே இல்லை.

எங்கள் ஊர்ப் பஸ்சில் பயணம் செய்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பயங்கரம் என்று புரியும். ஏலக்காய் விலை, மருமகள் குறை, போனில் பாட்டு என்று இரைச்சலாகவே இருக்கும். இங்கே மூச்சுச் சத்தம் மட்டும். சீட்டு முழுக்க ஆள். பெண்கள் சேலைத் தலைப்பால் தலையையும் முகத்தையும் மூடியிருந்தார்கள். ஆண்கள் கம்பளிக்குள் இருந்தார்கள். டிரைவருக்குப் பின்னால் ஒரு துணி தொங்கியது, டிரைவர் தெரியவில்லை. கண்டக்டர் இல்லை.

என் பை ஒரு கிழவியின் மடியில் இருந்தது. அவள் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்து இடம் காலி.

“வந்துட்டியா அப்பு?” என்றாள். “ஒனக்குத்தான் எடம் போட்டு வச்சிருக்கு. உக்காரு.”

உட்கார்ந்தேன். உட்காரு என்றால் உட்காருகிற ஆள் நான். அவள் கண்ணில் வெள்ளையாகப் புரை விழுந்திருந்தது. ஐஸ் மாதிரி இருந்த கையால் என் முகத்தைத் தடவினாள். மூக்கை உறிஞ்சினாள்.

“ஏலக்கா வாசம். நீதான். எளச்சுப் போயிட்டியே. வரமாட்டேன்னு நெனச்சோம்.”

அந்த மலையில் நாய்க்குட்டி மேல்கூட ஏலக்காய் வாசம்தான் அடிக்கும். ஆனால் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் பின் ஒருவராக என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்தார்கள்.

டிக்கெட் கேட்க யாரும் வரவில்லை. பெண்களுக்குத்தானே இலவசம், எனக்கு ஏன்? கீழே இறங்குகிற பஸ்சு என்றால் முதல் வளைவிலேயே காது அடைக்க வேண்டும். எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். அடைக்கவில்லை. பஸ்சு இறங்கவில்லை. எங்கேயோ மேலே, மூட்டத்துக்குள்ளே போய்க்கொண்டிருந்தது.

ரோட்டோரம் ஒரு வளைவில் ஆட்கள் கை காட்டினார்கள். பஸ்சு நிற்கவில்லை. பனிக்குள் அவர்கள் வாய் திறந்து மூடியது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. காலையில் வந்த எஸ்டேட் ஜீப்பு என்னைப் போடிமெட்டில் இறக்கிவிட்டதா, இல்லை, நடுவில் எங்கேயாவது பள்ளத்தில் உருண்டுவிட்டதா? எமனும் எருமையை விற்றுவிட்டுப் பஸ்சு வாங்கிவிட்டானா? (சிரிக்காதீர்கள். அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.) தொடையைக் கிள்ளினேன், வலித்தது. செத்தவனுக்கு வலிக்காது என்று யார் வந்து சொன்னார்கள்?

“எங்க போகுது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் முந்தின நாள் பார்த்திருந்தேனே. எல்லாத் தலையும் திரும்பும். டிரைவர் தொப்பியைக் கழற்றுவார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி சீட்டிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் மெதுவாக, பிறகு விட்டு விட்டு. தோள்கள் குலுங்கின. சிரிப்பு. அதே சிரிப்பு. என் முடி நட்டுக்கொண்டது. பிறகு அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“பாவி மனுசா... இந்த ரோட்டுல எத்தன வாட்டி ஏத்திவிட்ட எங்கள...”

சிரிப்பில்லை, ஒப்பாரி. அதே நேரம் வெளியே பனிக்குள் கொட்டுச் சத்தம் கேட்டது. பஸ்சு நின்றது.

கேத வீடு! இது கேதத்துக்குப் பேசி எடுத்த பஸ்சு! நான் சாகவில்லை, வேறு யாரோ செத்திருக்கிறார்கள்! இறங்கும்போது என்னை அறியாமல் வாயெல்லாம் பல்லாக இருந்தேன். எதிரில் நின்ற ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “துக்கத்துல அப்படித்தாம்ப்பா இருக்கும்” என்று தட்டிக்கொடுத்தார்.

பஸ்சு போய் நின்ற எஸ்டேட்டில் காலமெல்லாம் ஜீப்பு ஓட்டிய சடையாண்டி என்பவர் இறந்துபோயிருந்தார். அவருடைய மச்சான் கருப்பையா, அதாவது அவர் மனைவியின் தம்பி, பல வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் வேறு எஸ்டேட்டில் இருந்தவர், கோடித் துணியோடு போடிமெட்டில் ஏறுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வழக்கத்தில் செத்தவருக்கு மச்சான் புது வேட்டி கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதற்குப் பெயர்தான் கோடி. போடிமெட்டில் பஸ்சு நின்றது, புது வேட்டியோடு ஒருத்தன் ஏறினான், ஏலக்காய் வாசம் அடித்தது. கிழவிக்கு வேறு என்ன வேண்டும்? இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், கூட்டம் என்னைத் தள்ளியதும், ஒருவர் சத்தம் போட்டதும்தான்.

“மச்சான் கோடி வந்துருச்சு! வழி விடுங்கப்பா!”

சடையாண்டியின் மனைவி அவர் காலில் முகம் புதைத்துக் கிடந்தார், நிமிரவில்லை. யாரோ என் பையிலிருந்து வேட்டியை உருவினார்கள். பேச்சி கடை கடையாக ஏறி எடுத்த ஜரிகை வேட்டி. என் மாப்பிள்ளை வேட்டி. “இல்ல...” என்று வாயைத் திறந்தேன். வெளியே வந்தது அழுகை. வேட்டியைப் பிரேதத்தின் மேல் விரித்தபோது நான் அழுத அழுகையில் கொட்டுக்காரர்களே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார்கள்.

“இருந்தா இப்படி ஒரு மச்சான் இருக்கணும்யா” என்றது பின்னால் ஒரு குரல்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு ஜீப்பு வந்து ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. கையில் துணிப் பொட்டலத்தோடு அவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார்.

“யாருய்யா நீயி? எங்க அத்தானுக்கு எனக்கு முன்னால கோடி போடுறவன்?”

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். மகளுக்கு நிச்சயம் என்று சொல்லியிருக்கலாம். வெளியே வந்தது ஒரே கேள்விதான்.

“இந்தப் பஸ்சு... எங்க போகுது?”

பிரேதத்தின் காலடியில் கிடந்த அந்த அம்மா மெல்லத் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குத்தான் முதலில் புரிந்தது. தோள் குலுங்கியது. இந்தத் தடவை உண்மையிலேயே சிரிப்பு. “ஏ சாமி... எத்தன பேரு இந்த மனுசன் வண்டியில தப்பா ஏறிட்டு முழிச்சிருக்காக... போற அன்னைக்கும் ஒருத்தர ஏத்திவிட்டுட்டாரே!” சிரித்துக்கொண்டே மறுபடி அழுதார்.

அழுதபடியே என்னிடம் விவரம் கேட்டார். நிச்சயம் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கருப்பையா கோபம் மறந்து, தான் கொண்டுவந்த கோடி வேட்டியை நீட்டி, “மாப்ளைக்கு இதக் கொண்டு போங்கண்ணே” என்றார். நல்ல மனசுதான். அதை வாங்கிக்கொண்டு போயிருந்தால் பேச்சி அதை எனக்கே போர்த்தியிருப்பாள்.

“ஜீப்பு ஓட்டத் தெரியுமா?” என்றார் அந்த அம்மா. “இங்க ஓட்டத் தெரிஞ்ச ஆம்பள பூராம் விடியக்காலயே ஊத்திக்கிட்டாய்ங்க. என் தம்பி நகர முடியாது. அவரு வண்டி நிக்குது. எடுத்துட்டு வெரசாப் போங்க. பொம்பளப் புள்ள காரியம்.”

எனக்கு லைசென்ஸ் இருந்தது. தைரியம்தான் இல்லை. ஸ்டோர் வாசலில் முன்னும் பின்னும் நகர்த்தியதோடு சரி. தலையை ஆட்டுவதற்குள் சாவி என் கைக்கு வந்துவிட்டது. “குளிரும்” என்று சொல்லி, ஆணியில் தொங்கிய சடையாண்டியின் கம்பளிக் குல்லாயை எடுத்து அவரே என் தலையில் மாட்டிவிட்டார்.

கேட்டவன் தலையில் தொப்பி.

வண்டி முன்னால் என்ன கட்டியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. பக்கவாட்டில் ஏறினேன், ஓட்டினேன். போடிமெட்டில் வேகம் குறைத்ததும் இரண்டு பேர் பின்னால் ஏறினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வளைவில் ஒரு பெண். அதற்கடுத்த வளைவில் மூட்டையோடு மூன்று பேர். எங்கள் மலையில் ஜீப்பு மெதுவாகப் போனால் ஏறிக்கொள்வது வழக்கம். ஏறாதே என்று சொல்ல வாய் வேண்டும். ஏறினவர்கள் ஒருவரும் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். தலைப்பு மூடிய முகங்கள், கம்பளிக்குள் கண்கள், எல்லாம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு. காலையில் நான் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தார்கள். டிரைவர் மட்டும் மாறியிருந்தான்.

அப்போது காது அடைத்தது. அந்த அடைப்பு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? இறங்குகிறேன். உயிரோடு இறங்குகிறேன்.

போடி பஸ் ஸ்டாண்டில் நிறுத்த நேரமில்லை. பின்னால் ஒரு குரல், “அண்ணே, எறங்கணுமே...” என்று ஆரம்பித்தது. இன்னொரு குரல் அதை அடக்கியது: “சும்மா இரப்பா. சாவு வண்டி. போற எடம் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

சிலமலையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வெளியே வந்தேவிட்டார். நான் அவர் முன்னால் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினேன். அவர் ஜீப்பின் முன்பக்கத்தைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

முன்னால், கண்ணாடிக்குக் கீழே, மாலை போட்டு, வண்டி அகலத்துக்குக் கட்டியிருந்தது சடையாண்டியின் போட்டோ போட்ட ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர்.

பேச்சி வாசலுக்கு வந்தாள். பேனரைப் பார்த்தாள், பின்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்கும் படிப்பு என் அளவுதான். போட்டோ யார் என்று நிதானிக்கவில்லை. “ஐயோ! இன்னைக்குப் பாத்தா என்ன விட்டுட்டுப் போன!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் டிரைவர் சீட்டிலிருந்து தலையை நீட்டி, “போகல பேச்சி. வண்டிய ஓரமா விட்டுட்டு வர்றேன்” என்றேன்.

முதலில் சிரித்தது கனகா. பிறகு மாப்பிள்ளை. பெரியப்பா சிரிக்கவில்லை. “நிச்சயத்தன்னைக்குச் சாவு வண்டியில வந்து எறங்குற அப்பன் வீட்டுல பொண்ணா? கெளம்புங்கப்பா” என்றார். கனகா முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோது என் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. தெருவில் நின்றபடி, குல்லாயோடு, எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மைப் படத்தில் ஆரம்பித்து பை, கிழவி, கோடி, குல்லாய் வரை. வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியதில்லை. ஜீப்பில் இருந்தவர்கள் அப்போதுதான் விஷயம் தெரிந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மாப்ளைக்கு எடுத்த வேட்டியவா பொணத்துக்குப் போத்துன?” என்று பெரியப்பா கேட்டார்.

“ஆமாங்க.”

அவர் செருப்பைக் கழற்றினார். “அப்பச் சரி. எமன் கணக்குல எங்க பய வேட்டி போயாச்சு. இனி அவன் இந்தப் பக்கம் வர நாளாகும். பயலுக்கு ஆயுசு கெட்டி. மசமசன்னு நிக்காம ஆள குளிப்பாட்டி உள்ள கூட்டியாங்கப்பா. நேரம் போகுது.”

கேதத்துக்குப் போய் வந்தவன் குளிக்காமல் நல்ல காரியத்துக்குள் நுழையக் கூடாது. தெருவிலேயே நிற்க வைத்து என் தலையில் குடம் குடமாக ஊற்றினார்கள். சொட்டச் சொட்டத் தட்டு வாங்கினேன். ஜீப்பில் வந்தவர்கள் எங்கள் பக்கத்துச் சொந்தமாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் ஜீப்பைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். குல்லாயை அந்த அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் வேனோ ஆட்டோவோ எதில் ஏறினாலும் “எங்க போறோம்?” என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். தெரியாமல் கேட்டுவிட்டால் மாப்பிள்ளை உடனே அந்தக் குல்லாயைத் தேடுவார்.

இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது நேற்றுதான். டிவியில் அந்தப் பஸ்சுக் கதையை மறுபடி போட்டார்கள். இரட்டைப் பெண்களுக்கு இன்னும் பல் விழவில்லை. எல்லாத் தலையும் திரும்புகிற அந்த இடம் வந்தது. பஸ்சின் பின் வரிசையில் ஒருத்தன் மட்டும் திரும்பாமல், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் மஞ்சளாக ஒரு பை. பக்கத்தில் ஒரு கிழவி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. வெளிநாட்டில் மஞ்சள் பை உண்டா என்று எனக்குத் தெரியாது. முதல் தடவை நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த பேச்சி நிமிர்ந்து பார்த்து, “ஏங்க, இந்தப் பஸ்சு எங்கங்க போகுது?” என்று கேட்டாள்.

நான் ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே அந்தச் சிரிப்பு கேட்டது.

சிலமலை,
கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்.